பண்ணைப் பெண்ணும் சுரைக்குடுக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்கிலும் தென்மேற்கிலும் மாட்டுப் பண்ணையில் வேலை செய்துகொண்டே, எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகாமல், காய்ந்த சுரைக்குடுக்கையைக் கலைப்பொருளாக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கியவர்கள். அவர்கள் எப்படி அந்த இடத்துக்கு வருகிறார்கள், என்னென்ன கற்கவேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

சுரைக்குடுக்கைக் கலை என்றால் சரியாக என்ன?

முற்றிக் காய்ந்து, ஓடு மரம்போல் இறுகிய சுரைக்காயை எடுத்துச் சுத்தம் செய்து, வெட்டி, செதுக்கி, மின்சாரத்தில் சூடாகும் பேனாவின் சூட்டுமுனையால் கோடிழுத்து, சாயம் ஏற்றிக் கிண்ணமாகவோ குடமாகவோ முகமூடியாகவோ விளக்காகவோ ஆக்குவது. விளிம்பில் கூடை பின்னுவதும், ஓட்டில் குழி தோண்டிக் கல் பதிப்பதும் இதில் சேரும். களிமண்ணில் குயவர் வடிவத்தை உண்டாக்குகிறார். இங்கே வடிவத்தைக் கொடி முன்பே கொடுத்துவிடுகிறது. கலைஞரின் முதல் வேலை, கையில் இருக்கும் காய் எதற்குப் பொருந்தும் என்று பார்ப்பது.

சுரைக்காய் அமெரிக்காவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த பயிரா?

இல்லை. கொலம்பஸுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அங்கே இருந்தது. சுரையின் தாய்நிலம் ஆப்பிரிக்கா. மெக்சிகோவின் ஓவாஹாகா பள்ளத்தாக்குக் குகையில் கிடைத்த ஓட்டுத் துண்டுகள் ஏறத்தாழ 10,000 ஆண்டு பழையவை. ஆசியாவிலிருந்து மனிதர்களோடு வந்திருக்கும் என்று 2005இல் வந்த மரபணு ஆய்வு சொன்னது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலில் மிதந்தே வந்தது என்று 2014இல் வந்த விரிவான ஆய்வு காட்டியது. காய்ந்த சுரை மாதக்கணக்கில் மிதக்கும், உள்ளே விதையும் முளைக்கும் நிலையிலேயே இருக்கும்.

ஓட்டில் செதுக்கும் வழக்கமும் பழையதுதான். பெருவின் கடற்கரையில் உவாக்கா பிரியெட்டா என்ற மேட்டைத் தொல்லியலாளர் ஜூனியஸ் பேர்ட் 1946இல் அகழ்ந்தபோது, முகங்கள் செதுக்கிய சிறு சுரைக்குடுக்கைகள் கிடைத்தன. அவற்றுக்கு வயது 4,000 ஆண்டுக்கும் மேல். அதே பெருவில் உவாங்காயோ நகருக்குப் பக்கத்திலுள்ள கோச்சாஸ் கிராமங்களில் இன்றும் குடும்பம் குடும்பமாகச் சுரையில் ஊர்க் கதைகளைச் செதுக்குகிறார்கள். அரிசோனாவிலோ டெக்சஸிலோ ஒரு பண்ணைப் பெண் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்வது இந்த நீண்ட வரிசையில் வந்து சேரும் வேலை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

ஏன் பண்ணைப் பெண்கள்? நகரத்தில் இருப்பவர்கள் செய்வதில்லையா?

செய்கிறார்கள், நிறையவே. ஆனால் மாட்டுப் பண்ணை வேலை பார்த்த கைக்குச் சில விஷயங்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வசந்தகாலத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும்போது, இரும்பு எந்த அளவு காயவேண்டும், எவ்வளவு நேரம் வைக்கவேண்டும், எப்போது எடுக்கவேண்டும் என்பதைக் கண்ணும் மூக்கும் கற்றுக்கொள்கின்றன. கூடுதல் சூடு குறியைக் குழப்பிவிடும், குறைந்தால் குறி நிற்காது. சேணத்தின் தோல் கிழிந்தால் மெழுகு நூலும் ஊசியும் கொண்டு தைப்பது அன்றாட வேலை. குதிரைவால் மயிரைப் பிரித்துப் பின்னுவது மேற்கு மாநிலப் பண்ணைகளில் பழைய கைத்தொழில். உடைந்த கதவையும் குழாயையும் சரிசெய்யத் தச்சர் வருவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் ரம்பம், டிரில், கிரைண்டர் எல்லாம் பழகிய கருவிகள். சூடு, தோல், நூல், ரம்பம், இவை நான்கும் சுரைக்கலையின் அடிப்படைக் கருவிகள். கலையென்று யாரும் பெயர் வைக்காததால் அந்தப் பெண்ணே அதைத் திறமையென்று எண்ணியிருக்கமாட்டார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க விவசாயக் கணக்கெடுப்பு நெடுங்காலம் ஒரு பண்ணைக்கு ஒரே ஒருவரைத்தான் நடத்துபவர் என்று எழுதிக்கொண்டது. பெரும்பாலும் அது கணவரின் பெயராக இருந்தது. 2002இல்தான் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய விவரத்தையும் கேட்டுப் பதியத் தொடங்கினார்கள். 2022 கணக்கெடுப்பில் பண்ணை நடத்துவோரில் 36 சதவீதம், ஏறக்குறைய 12 லட்சம் பேர், பெண்கள். விடியலுக்கு முன்னே எழுந்து மாட்டைப் பார்த்தவர்கள் ஏட்டில் இல்லாமலே இருந்தார்கள். அப்படிப்பட்டவர் ஒரு குடுக்கையின் அடியில் தன் பெயரைச் சூட்டுமுனையால் எழுதுவதைச் சின்ன விஷயமாக என்னால் பார்க்கமுடியவில்லை.

"தானே கற்றவர்" என்றால் யாருமே சொல்லித்தரவில்லையா? புத்தகம் பார்த்தால் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடாதா?

பள்ளிப் படிப்பு இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். துணைக்கு மனிதர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கச் சுரைச் சங்கம் 1937இல் தொடங்கியது, அதற்கு மாநிலக் கிளைகளும் உண்டு. கிளைக் கூட்டங்களில் ஒருவர் விளிம்பு பின்னுவதைக் காட்டுவார், மற்றவர் கல் பதிப்பதைக் காட்டுவார். அப்புறம் வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து செய்வதுதான் படிப்பு.

புத்தகம் உதவும், காணொளியும் உதவும். ஆனால் ஓடு ஓரிடத்தில் மெல்லியதாகவும் பக்கத்திலேயே தடித்தும் இருப்பதை எந்தப் படமும் காட்டாது. அதை விரலால் தட்டிக் கேட்கவேண்டும். தடித்த இடம் கனத்து ஒலிக்கும், மெல்லிய இடம் தகரம்போல் ஒலிக்கும். இந்தக் காது வருவதற்குக் குடுக்கைகள் கைவழியே போகத்தான் வேண்டும்.

இவர்களுக்கு முன்னோடி என்று யாரையாவது சொல்லலாமா?

மின்னி பிளாக். பிறந்தது 1899, மறைந்தது 1996. அவர் மேற்கத்திய மாட்டுப் பண்ணைக்காரர் அல்ல, கெண்டக்கி மாநிலத்தின் ஈஸ்ட் பர்ன்ஸ்டாட் என்ற சிற்றூர்க்காரர். யாரிடமும் பாடம் கேட்காமல், சுரைக்காயின் வளைவு எந்த விலங்கை நினைவூட்டுகிறதோ அதையே செய்தார். பறவை, பல்லி, பழங்கால மிருகம், மனிதத் தலை எல்லாம் அவர் கையில் வந்தன. சுரைக்கென்றே ஊரில் ஓர் அருங்காட்சியகம் வைத்தார். சுரையில் செய்த வாத்தியங்களை முதியவர்கள் வாசிக்கும் குழு ஒன்றையும் நடத்தினார். அமெரிக்காவெங்கும் பெயர்பெற்ற ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை அவர் புகழ் போயிற்று. முதுமையில் பெயர் பெற்றவர் என்பதால், "இனிமேலா?" என்று தயங்கும் பெண்களுக்கு அவரைத்தான் நான் முதலில் சொல்வேன்.

குடுக்கையைத் தானே விளைவிக்கவேண்டுமா, வாங்கலாமா?

இரண்டும் நடக்கிறது. ஊரைப் பொறுத்தது. ஓடு கெட்டியாவதற்கு நான்கு மாதமாவது பனியில்லாத வெப்பமான காலம் வேண்டும். அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா, டெக்சஸ் இடங்களில் அது கிடைக்கும். வயோமிங்கிலும் மொன்டானாவிலும் உயரமான பண்ணைகளில் செப்டம்பரிலேயே பனி விழுந்துவிடும், காய் முற்றாது. அங்கிருப்பவர்கள் தெற்கிலிருந்து வாங்குகிறார்கள். கலைஞர்களுக்காகவே தடித்த ஓட்டுச் சுரை பயிரிடும் பண்ணைகள் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் உண்டு. ஓடு அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தால் ஆழமாகச் செதுக்கலாம். மெல்லியதில் சூட்டுக்கோடும் சாயமும் மட்டும்தான் சரிவரும்.

விளைவிப்பவருக்கு ஒரு நன்மை உண்டு, வடிவத்தில் தலையிடமுடியும். பந்தலில் தொங்கவிட்டால் நீளக் கழுத்து நேராக இறங்கும். தரையில் படரவிட்டுக் காயை நிமிர்த்தி வைத்தால் அடி தட்டையாகும், பிறகு பாத்திரம் தானாக நிற்கும். சுரைப்பூ வெள்ளை, மாலையில் விரியும், அந்திப்பூச்சிகள்தான் அதைத் தேடி வருகின்றன. பூச்சி வரவில்லையென்று தோன்றினால் மாலை வேலை முடிந்து வரும்போது ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிட்டுப் போகலாம்.

அறுவடைக்கு அவசரம் கூடாது. பச்சைக் காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது ஓட்டின் வழியாகவும் காம்பின் வழியாகவும் மெல்ல வெளியேறவேண்டும். கொடி பட்டுப்போன பிறகும் காயை வயலிலேயே குளிர்காலம் முழுக்க விட்டுவைப்பவர்கள் உண்டு, உறைபனி முற்றிய காயைக் கெடுப்பதில்லை. சின்னக் காய் சில மாதத்தில் காயும், பெரியதற்கு ஓராண்டுகூட ஆகும். துளை போட்டால் சீக்கிரம் காயும் என்று சிலர் சொல்வார்கள். கேட்கவேண்டாம், அழுகிவிடும்.

காய்கிற காயில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தால் தூக்கி எறியவேண்டுமா?

வேண்டாம். தண்ணீர் வெளியேறும்போது பூஞ்சை வருவது இயல்பு. அழுத்தினால் அமுங்குவதும் சுருங்குவதும் மட்டும்தான் கழிக்கவேண்டியவை. மற்றவற்றில் அந்தப் பூஞ்சை விட்டுப்போகும் பழுப்பு மேகங்களே ஓட்டுக்கு அழகு. அதை வெளுத்து மறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆட்டிப் பார்த்து விதை கலகலத்தால் காய் தயார்.

சுத்தம் செய்து வெட்டுவது எப்படி? தூசு ஆபத்தானதா?

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அல்லது ஈரத் துண்டைச் சுற்றிவைத்து, பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் தேய்த்தால் மேல்தோல் கழன்றுவிடும். வெட்டுக்கோடு நேராக வர, ஒரு கட்டைமேல் பென்சிலைப் படுக்கவைத்து, குடுக்கையை அதன் முன்னால் சுழற்றவேண்டும். கத்தியால் ஒரு கீறல் போட்டு அதில் சிறு மின்ரம்பத்தை நுழைத்து வெட்டுவார்கள்.

தூசு ஆபத்தானதுதான், இதில் விளையாட்டு வேண்டாம். உள்ளே இருக்கும் காய்ந்த சோறும் பூஞ்சையும் பொடியாகிப் பறக்கும்போது மூக்கிலும் நெஞ்சிலும் இறங்கும். முகமூடி இல்லாமல் ஒருநாள் முழுக்க உப்புத்தாள் போட்டவருக்கு மறுநாள் சளிக்காய்ச்சல்போல உடம்பு வலியும் இருமலும் வருவது இந்தக் கலைஞர்கள் நன்றாக அறிந்த விஷயம். வைக்கோல் தூசியிலேயே வளர்ந்தவர்களுக்கு முகமூடி போடுவது பெரிய தொந்தரவாகத் தெரியும். என்-95 முகமூடியாவது போட்டே ஆகவேண்டும். உள்பக்கத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினால் தூசு பறக்காது. வேலையை வாசலில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து செய்வது மேல்.

சூட்டுமுனையால் வரைவது மரத்தில் வரைவதைப் போன்றதுதானா?

கருவி ஒன்றே, மின்சாரத்தில் காயும் பேனா. ஆனால் சுரைவேலை வேறு. மரத்துக்கு நார்வரி உண்டு. கெட்டியான வரியைக் கடக்கும்போது முனை தயங்கும், மெத்தென்ற இடத்தில் ஆழ்ந்துவிடும். சுரையோட்டில் அப்படி வரி இல்லாததால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். தடை வருவது வளைவால்தான். தட்டையான இடம் எங்குமே கிடையாது. மடியில் பீன்ஸ் நிரப்பிய சிறு தலையணையை வைத்துக் குடுக்கையை அதில் அமர்த்தி, பேனாவை அசைக்காமல் இடக்கையால் குடுக்கையைத் திருப்பவேண்டும். கோடு இழுப்பது பெரும்பாலும் இடக்கைதான் என்று சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும் தொல்லை, கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கரும்பொட்டு விழுவது. முனையை நிறுத்திவைத்துவிட்டு இழுப்பதால் வருவது அது. கை அசைந்துகொண்டிருக்கும்போதே முனை ஓட்டைத் தொடவேண்டும், அசைந்துகொண்டே விலகவேண்டும். ஒரே சூட்டில் நிற்கும் மலிவுக் கருவியில் பழகலாம். மென்நிழல், இறகு, முகத்தின் சுருக்கம் எல்லாம் வேண்டுமானால் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்குப் போகத்தான் வேண்டும். கன்றுக்குச் சூடு போட்டவருக்கு முனையின் நிறத்தையும் புகையின் மணத்தையும் வைத்து அளவு தெரியும். நகரத்துப் புதியவர் மாதக்கணக்கில் தடவிக் கற்பதை அவர் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்.

முதலில் சாயமா, சூடா?

எப்போதும் சூடுதான் முதலில். சாயம், வார்னிஷ் மேல் சூட்டுமுனையை வைத்தால் நச்சுப்புகை வரும். தோலுக்குப் போடும் சாயமும் மையும் ஓட்டில் நன்றாக இறங்கிப் பூஞ்சைமேகங்களையும் தெரியவிடும், ஆனால் வெயிலில் வெளிறும். அக்ரிலிக் நீடித்து நிற்கும், ஓட்டின் இயல்பை மூடிவிடும். சூட்டுக்கோட்டைச் சாயத்துக்கு வரப்பாகவும் பயன்படுத்தலாம், ஒரு நிறம் அடுத்ததில் கசியாது.

விளிம்பில் பின்னியிருப்பது என்ன?

பெரும்பாலும் பைன் மரத்தின் ஊசியிலை. அரிசோனா மலைகளில் பொண்டெரோசா பைன் கிடைக்கிறது. தென்கிழக்கின் நீள்இலைப் பைனின் ஊசி 45 செ.மீ. வரை வளரும் என்பதால் அதை வரவழைப்பவர்களும் உண்டு. விளிம்பைச் சுற்றித் துளையிட்டு, ஊறவைத்த இலைக்கட்டை மெழுகு நூலால் சுருள் சுருளாகத் தைத்துக்கொண்டே போவார்கள். இறந்துபோன குதிரையின் வால்மயிரைச் சேர்த்துப் பின்னி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. கேட்டு வருபவர்களுக்கும் அப்படிச் செய்துகொடுக்கலாம். சேணம் தைத்த கை இதை விளையாட்டாகச் செய்யும்.

பழங்குடியினரின் உருவங்களைச் சுரையில் போடலாமா?

இது பெரிய கேள்வி. தென்மேற்கில் விற்கும் சுரைகளில் ஓப்பி, சூனி முதலிய புவெப்லோ மக்களின் கச்சினா (அவர்கள் வழிபடும் ஆவிகள்) உருவங்களும், பழம்பானைகளின் கோலங்களும் ஏராளம். அந்த மக்களுக்குச் சுரையில் செய்த கிலுகிலுப்பை சடங்குப் பொருள், கச்சினா வழிபாட்டோடு சேர்ந்தது. வெளியாள் அதை அலங்காரமாக விற்பது அவர்களில் பலரைப் புண்படுத்துகிறது.

சட்டமும் இருக்கிறது. 1990இன் இந்தியர் கலை, கைவினைச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பழங்குடியைச் சேராதவர் தன் படைப்பைப் பழங்குடியினர் செய்ததென்று தோன்றும்படி விற்றால் முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர்வரை அபராதமும் ஐந்தாண்டுவரை சிறையும் கிடைக்கலாம். பாணியைத் தழுவுவதைச் சட்டம் தடுப்பதில்லை, பொய்யாகச் சொல்லி விற்பதைத்தான் தடுக்கிறது.

என் கருத்து, சட்டம் விட்டாலும் விட்டுவிடுவது நல்லது. பண்ணைப் பெண்ணின் கண்முன் எவ்வளவு இருக்கிறது! முள்கம்பி வேலி, காற்றாலை, தண்ணீர்த் தொட்டியில் குனியும் பசு, புதருக்கடியில் வரிசையாக ஓடும் காடைக்குஞ்சுகள், கற்றாழையின் மடல், மழை வராத வானம். அவருடைய பண்ணைக்கென்று ஒரு சூட்டுக்குறியே உண்டு. மேற்கு மாநிலங்களில் அதை அரசிடம் பதிவு செய்திருப்பார்கள், அந்தப் பதிவு செல்லும் இடத்தில் வேறு யாரும் அதைப் பயன்படுத்தமுடியாது. தன் குறியையே குடுக்கையின் அடியில் கையெழுத்தாக இடலாம். இதைச் செய்யத் தொடங்கியபிறகுதான் ஒருவரின் வேலை மற்றவர் வேலையிலிருந்து பிரிந்து தெரியும்.

வயலில் கிடந்த இறகை ஒட்டலாமா?

பருந்து, கழுகு, ஆந்தை இறகு கூடாது, தரையில் கிடந்தாலும் கூடாது. 1918இன் வலசைப்பறவைச் சட்டமும் 1940இன் கழுகுப் பாதுகாப்புச் சட்டமும் எடுத்துவைத்துக்கொள்வதையே தடுக்கின்றன. வீட்டுக் கோழி, வான்கோழி இறகு என்றால் பிரச்சினை இல்லை.

பண்ணை வேலைக்கு நடுவே நேரம் எப்படிக் கிடைக்கிறது?

துண்டு துண்டாகத்தான். குளிர்கால முடிவில் பசுக்கள் கன்று போடும், இரவிலும் எழவேண்டும். பிறகு சூடு போடும் நாட்கள், கோடையில் புல் அறுத்துக் கட்டுவது, இலையுதிர்காலத்தில் கன்றுகளைத் திரட்டி அனுப்புவது. கன்றுகள் போன பிறகு வரும் நீண்ட இரவுகளில்தான் பெரிய குடுக்கை மேசைக்கு வரும். மற்ற மாதங்களில் சிறு வேலைகள். ஒரு நல்ல விஷயம், பாதியில் விட்டுப்போனால் சுரை கெடாது. ஈரக் களிமண் காத்திருக்காது, சுரை ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்கும்.

விற்பது எங்கே? விலை?

மாநிலச் சங்கங்களின் கண்காட்சிகள், ஊர்ச் சந்தைகள், அப்புறம் கலைக்கூடங்கள். அரிசோனாவின் காசா கிராண்டே பக்கம் ஒரு சுரைப் பண்ணையின் பெயரில் பிப்ரவரியில் நடக்கும் விழா இந்த வட்டத்தில் பெயர்பெற்றது. கண்காட்சிப் போட்டிகளில் புதியவர்களுக்கெனத் தனிப் பிரிவு வைப்பதுண்டு, அங்கே தொடங்கினால் நடுவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். விலை வைக்கும்போது பெண்கள் செய்யும் தவறு, "சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே" என்று மணிநேரத்தை விட்டுவிடுவது. காயின் விலை, சாயம், கல், முனைகள், அப்புறம் ஒவ்வொரு மணிநேரமும் கணக்கில் வரவேண்டும். "காய்ந்த பூசணிதானே" என்று பேரம் பேசுபவரிடம் விற்காமல் இருப்பதே சரி.

அதில் தண்ணீரோ உணவோ வைக்கலாமா?

சாயமும் வார்னிஷும் போட்டதில் வேண்டாம். அழகுக்கு வைப்பதை நேர்வெயிலிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

நம் ஊர்ச் சுரைக்காயில் இதைச் செய்யமுடியுமா?

முடியும், அதே இனம்தான். வீணையின் சிறிய குடமும் மகுடியின் குடுவையும் மரபாக இதில் செய்தவைதானே. கறிக்குப் பிஞ்சாகப் பறிப்பதால்தான் நமக்கு அது மெத்தென்று தெரிகிறது. விதைக்கு விடுவதைப்போலக் குண்டுக்காய் ஒன்றிரண்டைக் கொடியிலேயே விட்டு, காம்பு பழுப்பாகிக் காய்ந்தபின் இரண்டு மூன்று விரற்கடை காம்போடு வெட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன் முற்றும்படி விதைப்பது நல்லது, நம் ஈரக்காற்றில் காய்வதற்கு நாளாகும். தரையில் படாமல், ஒன்றோடொன்று உரசாமல், காற்றோட்டமான பரணில் வைத்து வாரம் ஒருமுறை திருப்பிவையுங்கள். முதல் குடுக்கையில் கிண்ணம் செய்யவேண்டாம், வெட்டித் துண்டாக்கிக் கோடிழுத்துப் பழகுங்கள்.